வாழ்த்துகள், உங்களுக்குப் பசியில்லை

வாழ்த்துச் சொன்னதற்காக ஒருத்தி விளக்குமாற்றைத் தூக்கினாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அம்சவல்லி தூக்கினாள்.

"வாழ்த்துகள் அக்கா! உங்க வீடு உணவுத் தன்னிறைவு அடஞ்சிடுச்சு. இன்னையிலேருந்து கர்ப்பிணி உணவுப் பை உங்களுக்குத் தேவையில்லைன்னு அரசாங்கம் சந்தோஷமா தெரிவிச்சுக்குது" என்றது சுவரில் தொங்கிய தங்கை. சொன்னதோடு விட்டதா? நாதஸ்வரம் வேறு வாசித்தது.

"எவடி அவ, எங்க வூட்டு அடுப்ப எட்டிப் பாக்காம தன்னிறைவுன்னு சொன்னவ?" என்று அம்சவல்லி விளக்குமாற்றை ஓங்கினாள். மகள் மோனிஷா ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து குறுக்கே நின்றாள்.

"ஒடச்சிடாதம்மா. ஒடச்சா அதுக்கும் கேஸ் போடுவாங்க."

தங்கை என்பது சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளே ஒரு பெண் குரல், வெளியே ஒரு சின்ன விளக்கு. 'கேளாமலே' திட்டம் வந்தபோது குடும்பத் தலைவி இருக்கிற வீட்டுக்கெல்லாம் ஒன்று கொண்டுவந்து மாட்டினார்கள். இனி பெண்கள் மனு எழுத வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம், புரோக்கர் பின்னால் அலைய வேண்டாம், தங்கை உங்களோடு பேசும், பேச்சிலிருந்தே உங்கள் தேவையைப் புரிந்துகொள்ளும், நீங்கள் கேட்காமலே வீடு தேடி வரும் என்றார்கள். சும்மா சொல்லக்கூடாது, வரவும் வந்தது. ஒரு மழைக்காலத்தில் அம்சவல்லி தன்பாட்டுக்கு, "இந்த மூல ஒழுவித் தொலைக்குதே" என்று முணுமுணுத்தாள். அந்த வாரமே கூரைக்குத் தகரம் வந்து இறங்கியது. புருஷன் செத்த பிறகு விதவைப் பென்ஷனுக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, கண்டவனிடமும் பல்லை இளித்த பொம்பளைக்கு அது எப்படி இருந்திருக்கும்! அந்த வருஷம் ஆயுத பூசைக்குப் பெட்டிக்கும் சேர்த்துப் பொட்டு வைத்தாள்.

பொட்டு வைத்த கைதான் இப்போது விளக்குமாற்றைப் பிடித்திருந்தது. கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மோனிஷாவுக்கு உடம்பில் ரத்தமே இல்லை என்று நர்ஸம்மா கண்ணிமையை இழுத்துப் பார்த்துச் சொல்லியிருந்தாள். "இப்பிடியே போனா பிரசவத்துல தாங்க மாட்டா அக்கா. மாத்திர மட்டும் பத்தாது. முட்ட, பயறு, கீர வயித்துக்குள்ள போவணும்." அந்த முட்டையும் பயறும் தினம் மத்தியானம் ட்ரோனில் வந்து காலனித் தண்ணீர் தொட்டி மேடையில் இறங்கிக்கொண்டிருந்தன. அதைத்தான் நிறுத்திவிட்டார்கள். ரேஷன் அரிசியையும் பாதியாக்கிவிட்டார்கள்.

ரத்தம் குறைவு என்று நர்ஸம்மா எழுதியது அரசாங்கத்துக்குத் தெரியாதா என்றால், தெரியும். தங்கை அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தது. சாப்பாடு போதுமான அளவு இருந்தும் ரத்தம் ஏறவில்லை என்றால், மோனிஷா சரியாக மெல்லாமல் விழுங்குகிறாள் என்று அர்த்தமாம். நன்றாக மென்று சாப்பிடுவது எப்படி என்று செல்போனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தது. மெல்ல என்ன இருக்கிறது, காற்றையா?

அம்சவல்லிக்கு வேலை என்று பார்த்தால், ஊர்த் தலைவர் தணிகாசலத்தின் நிலத்தில் சூரியத் தகடு துடைக்கிற வேலை. ஒரு காலத்தில் அவள் ஆத்தாள் மல்லாட்டைக் கடலை பறித்த அதே நிலம்தான். அங்கேயும் துடைக்கிற இயந்திரம் வந்த பிறகு வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை. மருமகன் குஜராத்தில் கப்பல் உடைக்கிறான். பணம் வந்தால் உண்டு.

விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அம்சவல்லி சேவை மையத்துக்கு நடந்தாள்.

*

சேவை மையத்தில் இருந்தது ஒரே ஒரு பெண், ஹசீனா. சுற்றுப்பட்டு ஊர்களில் இருக்கிற எல்லாத் தங்கைகளுக்கும் அவள் ஒருத்திதான் பொறுப்பு, அதுவும் ஒப்பந்த வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் கூட்டம் கலையவில்லை. பேசிப் பேசிக் காய்ந்த தொண்டைக்குத் தண்ணீர் பாட்டிலை அடிக்கடி எடுத்துக் குடித்தாள்.

"நீ சாப்ட்டியாம்மா?" என்றாள் அம்சவல்லி, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே.

"ஆச்சுக்கா. சொல்லுங்க."

சொன்னாள். ஹசீனா திரையைத் தட்டிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அக்கா, தினம் காலைல தங்கை உங்கள ஒன்னு கேக்கும் இல்ல?"

"இன்னா கேக்கும்? சாப்டீங்களா அக்கான்னு கேக்கும்."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"இன்னா சொல்றது, சாப்ட்டேம்பேன்."

ஹசீனா ஒரு பொத்தானை அழுத்தினாள். அம்சவல்லியின் குரல் அறை முழுக்கக் கேட்டது. 'சாப்ட்டேம்மா, நீ சாப்ட்டியா?' அடுத்த நாள். 'சாப்ட்டேம்மா, நீ சாப்ட்டியா?' அதற்கும் அடுத்த நாள். 'சாப்ட்டேம்மா, நீ சாப்ட்டியா?' வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"மிஷினப் போய்ச் சாப்ட்டியான்னு கேட்டிருக்கீங்களேக்கா!"

"ஏன், ஒருத்தி நம்மளக் கேட்டா நாம திருப்பிக் கேக்க வாணாமா? அதுதான மரியாத?"

"அது மரியாதைக்குக் கேக்கலக்கா. கணக்கெடுக்கக் கேக்குது. வீட்டுல சாப்பாடு இருக்கா இல்லையான்னு அந்த ஒரு கேள்விலதான் முடிவு பண்ணுது."

அம்சவல்லி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"அடிப் பாவிங்களா! அப்ப கணக்கெடுக்க வந்தேன்னு சொல்லிட்டுக் கேக்கணும். கூடப் பொறந்தவ மாதிரி குரல வச்சிக்கினு, காலைல எழுந்து வாய் கொப்புளிக்கறதுக்குள்ள சாப்டீங்களா அக்கான்னா, யாரு இல்லேம்பா?"

"கணக்கெடுக்கறோம்னு சொன்னா ஜனங்க பொய் சொல்லுவாங்கன்னுதான் சாதாரணமா பேசற மாதிரி வச்சாங்களாம். பெரிய பெரிய படிப்பு படிச்சவங்க உக்காந்து யோசிச்சதுக்கா. பேசறது உண்மையா பொய்யான்னு குரலையும் பாக்குமாம். நடுங்காம வந்தா பச்சை விளக்கு. நடுங்கினா மஞ்சள். நீங்க சொன்னது எல்லாமே பச்சை."

"நான் பொய் சொன்னது உண்மைன்னு அது சொல்லுதா?"

"ஆமாக்கா" என்றாள் ஹசீனா பாவமாக. "உங்களுது மட்டும் இல்ல. உங்க காலனி மொத்தமும் பச்சை. பசியற்ற குடியிருப்புன்னு விருது குடுக்கப் போறாங்க. மாவட்டத்துலேருந்து பெரிய மேடம் வராங்க."

விருது! அம்சவல்லி மேசையில் தலையை முட்டிக்கொள்ளாத குறை.

"இப்ப இன்னாதான் பண்றது?"

"நாளைக்குக் கேக்கும்போது 'சாப்பிடல'ன்னு சொல்லிடுங்க. அவ்ளோதான்கா. ஒரே ஒரு வார்த்தை."

*

ஒரே ஒரு வார்த்தைதான். ஆனால் அந்த வார்த்தை அந்தக் காலனியில் எவள் வாயிலும் கிடையாது.

அம்சவல்லிக்கு ஏழெட்டு வயது இருக்கும். ஆத்தாளோடு தணிகாசலத்தின் வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த வீட்டம்மா, தணிகாசலத்தைப் பெற்றவள், "சாப்ட்டியா குட்டி?" என்றாள். குழந்தைதானே, "இல்லீங்க" என்று உள்ளதைச் சொன்னது. அவளை மாட்டுக் கொட்டகைப் பக்கம் வரச் சொல்லி, மாட்டுக்கென்று வைத்திருந்த பழைய தட்டில் முந்தின நாள் சோற்றை எட்ட நின்று கொட்டினாள் அந்தம்மா. சுற்றி நின்ற பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஆத்தாள் அவளை அடித்தாள், அடித்துக்கொண்டே அழுதாள். அன்றைக்கு மூடிய வாய். அதன் பிறகு எவர் கேட்டாலும், வயிறு ஒட்டி முதுகோடு பிடித்துக்கொண்டிருந்தாலும், சாப்ட்டேன்தான். காலனியில் ஒவ்வொருத்திக்கும் இப்படி ஒரு கொட்டகை உண்டு. பொய் என்று அவர்கள் அதை நினைத்ததே இல்லை. மானம் என்று நினைத்தார்கள்.

மறுநாள் காலையில் தங்கை விழித்துக்கொண்டது.

"வணக்கம் அக்கா. சாப்டீங்களா?"

அம்சவல்லி முந்தானையை இழுத்துச் செருகினாள். தொண்டையைச் செருமினாள். சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள்.

"சா... சாப்பிடல."

குரல் என்னவோ போல நடுங்கியது. தன் வீட்டுக்குள், ஒரு பெட்டியிடம் சொல்லத்தான் இத்தனை வெட்கம்! காதெல்லாம் சூடாகிவிட்டது. விளக்கு மஞ்சளாக மாறியது.

"அக்கா, உங்க குரல் வழக்கம்போல இல்ல. நீங்க சொன்னதுல உண்மை குறைவா தெரியுது. தவறான தகவல் குடுத்து உதவி வாங்கறது குற்றம். இது முதல் எச்சரிக்கை. உங்கள் நாள் இனிதாகட்டும்."

"ஒன் நாள்ல மண்ண அள்ளிப் போட" என்றாள் அம்சவல்லி. அதற்குப் பச்சை எரிந்தது. கேட்டீர்களா கூத்தை?

அடுப்பிலிருந்து சின்னப் பானையை இறக்கி வைத்தாள். இருக்கிற அரிசியில் ஒரு வேளைக்குத்தான் பொங்க முடியும். "எனக்கு வேல எடத்துல டீயும் பன்னும் குடுப்பாங்கடி. நீ சாப்புடு" என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பன்னைக் கண்ணில் பார்த்து மாசமாகிறது, அது வேறு கதை. தினமும் சாயந்திரம் வந்து பார்த்தால் பானையில் முக்கால்வாசிச் சோறு தண்ணீர் ஊற்றிக் கிடக்கும். மசக்கைக்காரிக்கு வாய்க்குப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொள்வாள். 

"சாப்ட்டியாடி?"

"சாப்ட்டேம்மா. நீ?"

"ஆச்சு, ஆச்சு." நாளைக்கும் அவளுக்கு ஆகட்டும் என்று இரண்டு வாய் நீராகாரத்தைக் குடித்துவிட்டுப் பானையை மூடி வைப்பாள்.

*

விருது விழாவுக்கு முந்தின நாள் தண்ணீர் தொட்டியடியில் காலனிப் பெண்கள் கூடினார்கள். எல்லா வீட்டிலும் வாழ்த்து வந்திருந்தது. எல்லா வீட்டிலும் அரிசி குறைந்திருந்தது. 'சாப்பிடல' என்று சொல்லிப் பழகலாம் என்று யோசனை சொன்னவள் அம்சவல்லிதான். ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருத்திக்கு விக்கல் வந்தது. ஒருத்தி சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பவுனுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்க, எல்லோரும் சிரிக்க, கடைசியில் சிரித்தே வயிறு வலித்ததுதான் மிச்சம்.

"நமக்குள்ள நாம இப்பிடியாக்கா கேக்கறோம்?" என்றாள் பவுனு கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வாஸ்தவம். அவர்களுக்குள் எவளும் சாப்ட்டியா என்று கேட்டு எதையும் தெரிந்துகொள்வதில்லை. உண்மையாகவே தெரிய வேண்டும் என்றால், "இன்னா கொழம்பு?" என்பார்கள். கத்தரிக்காய் என்றோ கருவாடு என்றோ உடனே பதில் வந்தால் அடுப்பு எரிந்தது என்று அர்த்தம். பதில் வரக் கொஞ்சம் தாமதமானால் போதும். மேலே ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணம் வந்து சேரும். "கொழம்பு அதிகமா வச்சிட்டேன், ருசி பாத்துச் சொல்லு" என்று. வாங்கியவள் வெறுங்கிண்ணத்தைத் திருப்பித் தர மாட்டாள், நாலு முருங்கைக்கீரையாவது போட்டுத்தான் தருவாள். இதையெல்லாம் பெரிய படிப்பு படித்தவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? இப்போதோ கிண்ணம் அனுப்பவும் எந்த வீட்டிலும் குழம்பு அதிகமாக இல்லை.

"நாளைக்கு அந்த மேடம் எதுருலயே தங்கச்சிய வச்சிக் கேக்கப் போறாங்களாம். என்னத்தான் மேடை ஏத்தறாங்க. நான் சொல்லிடறேன்" என்றாள் அம்சவல்லி.

"சொல்லிடுவியாக்கா?"

"சொல்லாம? எம் பொண்ணு உசுருடி."

*

பந்தல் போட்டு, சீரியல் விளக்குக் கட்டி, காலனியில் அதுவரை யாரும் பார்க்காத அலங்காரம். மோனிஷாவையும் மேடையில் ஒரு ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். வயிறு தெரிகிற மாதிரி கர்ப்பிணி ஒருத்தி இருந்தால் படத்துக்கு நன்றாக இருக்குமாம். முதல் வரிசையில் ஊர்க்காரர்கள், நடுவில் தணிகாசலம்.

அவர்தான் முதலில் பேசினார். "நம்ம காலனி ஜனங்களப் பத்தி நானே சொல்லணுங்க. எங்க வூட்ல எத்தினியோ வருசமா வேல செய்யறாங்க. பசின்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயத் தொறந்து கேட்டதில்லீங்க!" கை தட்டினார்கள். 

மாவட்டத்திலிருந்து வந்த மேடம் கெட்டவள் இல்லை. களைத்த முகம், நல்ல சிரிப்பு. பெண்கள் இனி யார் வாசலிலும் கையேந்த வேண்டாம், அதற்காகத்தான் இந்தத் திட்டம் என்று மனசாரத்தான் பேசினாள். பேசி முடித்து, மேடை மேல் வைத்திருந்த தங்கையை ஒலிபெருக்கியோடு இணைக்கச் சொன்னாள். ஹசீனா இணைத்துவிட்டு, அம்சவல்லியைப் பார்த்து, சொல்லுங்கக்கா என்பது போலத் தலையை ஆட்டினாள்.

"வணக்கம் அக்கா. சாப்டீங்களா?" என்றது தங்கை ஊருக்கே கேட்கும்படி.

அம்சவல்லி வாயைத் திறந்தாள். கண்ணுக்கு நேராகத் தணிகாசலம் கால்மேல் கால் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அம்மாவின் அதே மூக்கு. மாட்டுத் தட்டு கண்ணில் வந்து நின்றது.

"சாப்ட்டேம்மா, நீ சாப்ட்டியா?"

பச்சை. ஒரே கைதட்டல்.

சனியன் பிடித்த வாயே! அம்சவல்லிக்குத் தன் வாயைத் தானே கிழித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தை எங்கே போய் ஒளிந்தது? கீழே பவுனு தலையில் கை வைத்துக்கொண்டாள். ஹசீனா தரையைப் பார்த்தாள்.

மேடம் சந்தோஷமாக மைக்கை மோனிஷாவிடம் நீட்டினாள். "வயித்துப் பிள்ளைக்காரி நீ சொல்லும்மா. சாப்ட்டியா?"

"சாப்ட்டேங்க" என்றாள் மோனிஷா.

பச்சை எரிந்தது. மறுபடி கைதட்டல். அம்சவல்லி மட்டும் தட்டவில்லை. அந்தக் குரல்! ஒலிபெருக்கியில் பெரிதாக வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டில், வாசல் பெருக்கிக்கொண்டே, அரைக் காதில் வாங்கிய பதில்தான். ஆனால் அது மோனிஷாவின் குரல் இல்லை. சேவை மையத்தில் அன்றைக்குக் கேட்ட தன் குரல். எதிராளி அடுத்த கேள்வி கேட்க இடம் கொடுக்காத அதே வேகம், கடைசியில் லேசாகத் தூக்கி வெட்டுகிற அதே வெட்டு.

பானை ஞாபகம் வந்தது. முக்கால் பானைச் சோறு. தினம் தினம் முக்கால் பானை. மசக்கையாம், வாய்க்குப் பிடிக்கவில்லையாம். ஏழாம் மாதத்தில் ஏதுடி மசக்கை, அறிவு கெட்டவளே!

"ஏய்! பொய் சொல்லாதடி!"

மேடம் திடுக்கிட்டுத் திரும்பினாள். அம்சவல்லி மகளின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"இவ சாப்பிடலம்மா! இன்னைக்கும் சாப்பிடல, நேத்தும் சாப்பிடல. நான் இவளுக்குன்னு வச்ச சோத்துல தண்ணிய ஊத்தி எனக்கே வச்சிருக்கறா. நானும் சாப்பிடல! இவளுக்கு ஆவட்டும்னு நான் மூடி வச்சேன், எனக்கு ஆவட்டும்னு இவ மூடி வச்சா. ரெண்டு பேரும் வயித்தக் காயப் போட்டுக்கினு, சாப்ட்டேன் சாப்ட்டேன்னு ஒருத்திய ஒருத்தி ஏமாத்திக்கினு இருந்திருக்கோம். அந்தப் பானதான் எங்க வூட்ல வயிறு ரொம்பிக் கெடந்துது! பசியில்லாத காலனியா? எங்களுக்குப் பசிக்குதுடா! என்னிக்கும் பசிக்குது! கேட்டா மாட்டுத் தட்டுல கொட்டுவீங்கன்னுதான்டா கேக்கல!"

தணிகாசலத்தின் கால் மெல்லக் கீழே இறங்கியது. மோனிஷா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தங்கையின் விளக்கு கொஞ்ச நேரம் துடித்தது. பிறகு பச்சையாக நின்றது.

"குரல்ல உண்மை தெரியுது அக்கா. உங்களுக்குப் பசிக்குது. பதிவு பண்ணிக்கிட்டேன். வாழ்த்துகள்!"

*

மறுநாள் மத்தியானமே மோனிஷாவுக்கு உணவுப் பை வந்து இறங்கியது. விருதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். மேடம் போகும்போது அம்சவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆய்வு செய்வோம் என்றாள்.

ஆய்வு செய்தார்களா என்றால், அது அரசாங்கம். ஹசீனாதான் வந்து விளக்கினாள். "வெக்கத்துல குரல் நடுங்குதுக்கா, கோவத்துல நடுங்கல. நடுங்கினா பொய்யின்னுதான் தங்கைக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. வெக்கம்னு ஒன்னு இருக்கறதையே யாரும் சொல்லிக் குடுக்கல. நானும் மேல எழுதிப் போட்டிருக்கேன். நீங்க சொன்ன மாதிரி இன்னா கொழம்புன்னு கேக்கச் சொல்லியும் எழுதியிருக்கேன். அடுத்த பதிப்புல பாப்பாங்களாம்."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும்..." ஹசீனா கையை விரித்தாள். "கோவமா சொல்லுங்கக்கா."

அதிலிருந்து அந்தக் காலனியில் பொழுது விடிவதே ரகளையோடுதான். வீட்டுக்கு வீடு, "சாப்பிடலடி! சாப்பிடல! காதுல விழுதா, முண்டம்?" என்று பெண்கள் சுவரைப் பார்த்துக் கத்துவார்கள். பச்சை விழுந்ததும் அடங்கி, கோலம் போடப் போய்விடுவார்கள். காலையில் ஒரே இரைச்சல், தூங்க முடியவில்லை என்று ஊர்ப் பக்கத்திலிருந்து புகார் கூடப் போயிற்று. கேட்காமலே தருகிற திட்டத்தில், தொண்டை கிழியக் கத்தினால்தான் சோறு. 

பவுனு பாடுதான் திண்டாட்டம். அவளுக்குக் கோபமே வராது. பெற்றவர்கள் அப்படிப் பெற்றுவிட்டார்கள். அதனால் அம்சவல்லி தன் வீட்டுத் தங்கையைத் திட்டி முடித்த கையோடு பவுனு வீட்டுக்கு ஓடுவாள். "ஏண்டி, ஒங் கொழுந்தன் ஒன் வூட்டுப் பட்டாவ எழுதி வாங்கினானே, எவ்ளோ நைசா வாங்கினான் இல்ல?" என்று ஆரம்பிப்பாள். பவுனுவின் மூக்கு விடைக்கிற சமயம் பார்த்து, "இப்ப சொல்லு, இப்ப சொல்லு!" என்று தங்கையின் முன்னால் தள்ளிவிடுவாள். சில நாள் பச்சை விழும். சில நாள் பவுனு பாதியில் அழுதுவிடுவாள். அழுதால் மஞ்சள்தான்.

மோனிஷாவுக்கு ரத்தம் ஏறியது. அம்சவல்லி பக்கத்திலேயே உட்கார்ந்து, வாய்க்குள் போகிற ஒவ்வொரு கவளத்தையும் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுந்திருப்பாள். பெண் குழந்தை பிறந்தது. நர்ஸம்மா, "தப்பிச்சா அக்கா" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்குத்தான் அம்சவல்லி அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து அழுதாள்.

குழந்தையின் பெயரைத் திட்டத்தில் பதிய ஹசீனா ஒரு மத்தியானம் வந்தாள். உச்சி வெயிலில் பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள். குழந்தையை எடுத்துக் கொஞ்சினாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். ஒரு சொம்பு முழுவதையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்றாள்.

"சாப்ட்டியாம்மா?"

"ஆச்சுக்கா."

சுவரில் பச்சை எரிந்தது. "ஹசீனா மேடம் சாப்பிட்டாச்சு. குரல்ல உண்மை தெரியுது" என்றது தங்கை.

அம்சவல்லி சொம்போடு அப்படியே நின்றாள். வேகம். கடைசியில் ஒரு வெட்டு. சேவை மையத்தில் முதல் நாள் கேட்டபோதும் இதே 'ஆச்சுக்கா'தான். அன்றைக்கும் தண்ணீர் பாட்டில். பேசித் தொண்டை காய்ந்ததாம்! ஊர்ப் பசியை எல்லாம் அளக்க ஒருத்தியை உட்கார வைத்தார்களே, அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? நானும்தான் கேட்டேன், கேட்ட லட்சணம்!

"இன்னா கொழம்பு?" என்றாள்.

ஹசீனா வாயைத் திறந்தாள். குழந்தையைப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"ஒங்க வூட்ல தங்கச்சி மாட்டலியா?"

"அரசாங்க வேலைல இருக்கறவங்க வீட்டுக்குக் கிடையாதுக்கா" என்றாள் ஹசீனா, குழந்தையின் விரலைத் தடவிக்கொண்டே. "ஒப்பந்த வேலையா இருந்தாலும் அதே கணக்குதான். அம்மா படுக்கையில இருக்காங்க. சமாளிச்சுக்கறோம், அதெல்லாம் ஒன்னும் இல்ல."

அம்சவல்லி அதற்கு மேல் கேட்கவில்லை. தட்டைக் கழுவி வைத்தாள். சோற்றைப் போட்டு, முட்டைக் குழம்பை ஊற்றினாள்.

"ஐயோ வேணாங்க்கா, நிஜமாவே..."

"கொழம்பு அதிகமா வச்சிட்டேன். வெயிலுக்குக் கெட்டுப் போவும். உப்பு சரியா இருக்குதான்னு பாத்துச் சொல்லு."

"அக்கா, விருந்தாளி ஏற்கெனவே சாப்பிட்டாச்சு" என்றது சுவர். "உணவு வீணாகுது."

"நீ கொஞ்சம் வாய மூடு" என்று துண்டை எடுத்துத் தங்கையின் மேல் போட்டாள் அம்சவல்லி. குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, சாப்பிடுகிறவள் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, முருங்கைக்கீரை உருவத் தொடங்கினாள். ஹசீனா முதலில் மெதுவாகப் பிசைந்தாள். பிறகு வேக வேகமாகச் சாப்பிட்டாள்.